என் மூக்கை நம்பி ஒரு முயல்

எங்க வீட்டுக்காரரு அப்துல் ஹக்கீமுக்கு மூக்கு இருக்கு, வாசம்தான் தெரியாது. இதை அவருகிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டாரு. நாலு தெரு தள்ளி மீன் பொரிச்சாலும் எனக்குத் தெரியும்னு சாதிப்பாரு. அதெல்லாம் சும்மா. பேகம்பூர்ல பொறந்து வளந்து, பிரியாணிச் சட்டியைத் தொறக்குறதுக்கு முன்னாடியே "ஆகா, மணம் தூக்குது"ன்னு சொல்ற ஒரே ஆளு இந்த மனுஷன்தான். மூடியில ஒட்டின மாவு அப்படியே இருக்கும், இவரு பாட்டுக்கு மணத்தைப் புகழ்ந்துக்கிட்டு இருப்பாரு. இப்படி ஒருத்தரு கையில ஒரு முயலையும் குடுத்து, அது ஒண்ணுக்குப் போற தட்டுல என்னத்தப் போடலாம்னு முடிவு பண்ற பொறுப்பையும் குடுத்தா எம்பாடு என்ன ஆகும்? ஒரு வருஷமா ஆகிக்கிட்டுத்தான் இருக்கு.

இவரு பதினேழு வயசுல தோல் ஷாப்புல சேந்தவரு. ஷாப்புன்னு பேரே தவிர அது கடை இல்ல, ஆட்டுத்தோல் மாட்டுத்தோலைப் பதப்படுத்துற எடம். எங்க ஊர்ல அப்படித்தான் சொல்றது. மொத வேலையே சுண்ணாம்புத் தொட்டியில. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணியில ஊறப்போட்டு, மயிரு கழல்ற வரைக்கும் கம்பால பெரட்டிக்கிட்டே இருக்கணும். அதுல நின்ன காலு இன்னைக்கும் வெடிப்பு வெடிப்பாத்தான் கெடக்கு. தொட்டியில இருந்து சீவுற பக்கம் வந்து, அப்புறம் கணக்குப்பிள்ளைக்கு அடுத்த ஆளாகி, நாப்பது வருஷம் அங்கேயே கெடந்தாரு. மூக்கு எந்த வருஷம் போச்சுன்னு அவருக்கே தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒரு கேஸ் சிலிண்டராலதான். டியூப்பு கசிஞ்சு அடுப்படி பூராவும் குப்புன்னு அடிக்குது, இவரு டீ போடப்போறேன்னு லைட்டரைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஓடிப்போயி கையில ஒரு அடி வச்சேன். லைட்டரு பறந்து போயி வாளிக்குள்ள விழுந்துச்சு. அப்பவும் என்ன சொன்னாருங்கிறீங்க? "நானும் இப்பத்தான் நெனச்சேன், ஏதோ வாசம் வருதேன்னு." அன்னைக்கே நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அந்த ஷாப்பை மூடிட்டாங்க. மூடின மொத வாரம் இவரு காலையில ஆறு மணிக்கே எந்திரிச்சு, சட்டையை மாட்டி, பட்டனெல்லாம் போட்டுக்கிட்டு நாக்காலியில உக்காந்திருப்பாரு. எங்கயும் போறதில்ல. அடுத்த மாசம் சட்டை போடுறதையும் விட்டாரு. சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவாரு. சோறு வைக்கவான்னு கேட்டா ஒரு "ம்", தண்ணி வேணுமான்னு கேட்டா அதே "ம்". நம்மளும் எத்தனை நாளைக்கு அந்த "ம்"மைக் கேட்டுக்கிட்டுக் காலந்தள்ளுறது? டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போனேன். உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா, பேச்சுத் துணைக்கு ஆளு இருந்தாப் போதும்னு சொல்லிட்டாரு. நான் ஆளு இல்லையாக்கும்னு எனக்கு வயித்தெரிச்சலா வந்துச்சு.

நாலு வருஷம் இப்படியே ஓடின பெறகுதான் எங்க மக ஷாஹினா அந்த முயலைக் கொண்டாந்து எந்தலையில கட்டினா. கோயமுத்தூர்ல இருக்கும்போது ஆசையா வாங்கினது. அவ வீட்டுக்காரரு ஆசாத்துக்கு ஷார்ஜாவுல வேலை கெடச்சதும் ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க. ரெண்டே மாசம்மா, ஒரு வழி பண்ணி வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனவ, இன்னைக்கு வரைக்கும் வழி பண்ணிக்கிட்டே இருக்கா. அதுக்கு ஏதோ இங்கிலீஷ்ல பேரு வச்சிருந்தா, எங்க ரெண்டு பேரு வாயிலயும் நொழையல. இவரு அதை "மாப்ள"ன்னு கூப்பிட ஆரம்பிச்சாரு. ஒரு நாளு ஆசாத்து போன்ல மரியாதையாப் பேசிக்கிட்டு இருக்கான், இவரு நடுவுல "ஏ மாப்ள, அந்த மூலையில போயி ஒண்ணுக்கு இரு"ங்கிறாரு. போனைப் பிடுங்கி நான் சமாதானம் சொல்ல வேண்டியதாப் போச்சு.

ஆனா ஒண்ணு, உள்ளதைச் சொல்லணும். அந்த முயலு வந்த நாலாம் நாளு இந்த மனுஷன் சட்டை போட்டாரு. சந்தைக்குப் போயி முள்ளங்கித் தழை, கேரட் தழையெல்லாம் கேட்டு வாங்கிட்டு வந்தாரு. பத்து வாத்தை தொடர்ச்சியாப் பேசினாரு. பேசினது எங்கிட்ட இல்ல, முயலுகிட்ட. தோல் ஷாப்புல யாரு யாரு என்ன பண்ணினாங்க, எந்த வருஷம் எந்தத் தொட்டி ஒழுகுச்சு, எம்புட்டு எம்புட்டுக் கதை. முப்பத்தோரு வருஷமா எங்கிட்ட சொல்லாத கதையெல்லாம் அந்த நீட்டுக் காதுக்குள்ள போச்சு. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டுக்குவேன்.

அதுக்கு ஒரு நல்ல பழக்கமும் உண்டு, கண்ட எடத்துல போகாது. பால்கனி மூலையில தட்டு வச்சா அதுலதான் போகும். புழுக்கை மொளகு மாதிரி காஞ்சு கெடக்கும், கூட்டித் தள்ளிரலாம். அந்த மூத்திரம் இருக்கே, அதுதான் உசுரை வாங்குறது. ஒரு நாளு விட்டா கண்ணு எரியும். தொழுகுற எடம், சுத்தம் வேணும். நான் தெனம் மூணு தடவை தொடைக்கிறேன், எம்முட்டி தேயுது, இவருக்கு ஒண்ணும் வரல. "எங்க நாறுது? நாறவே இல்லையே"ங்கிறாரு. நல்லாருக்கு நாயம்.

மொதல்ல பழைய பேப்பரு போட்டாரு. போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் உக்காந்து படிச்சுத்தான் போடுவாரு. முயலு அதை நாராக் கிழிச்சு வீடு பூரா இழுத்துக்கிட்டுத் திரியும், மத்தியானத்துக்குள்ள சொதசொதன்னு ஆகிரும். அதுக்கப்புறம் மர மில்லுல இருந்து ஒரு சாக்கு மரத்தூளு. காசு கேக்கலைன்னு அவருக்கு ஒரே பெருமை. காசு கேக்காம எதுக்குக் குடுத்தான்னு ரெண்டே நாள்ல தெரிஞ்சு போச்சு. மாவு மாதிரி தூளு, காத்தடிச்சாப் பறக்குது. முயலு விடாம தும்முது, கொழம்புல மரத்தூளு, வெஞ்சனத்துல மரத்தூளு, என் தலைமுடியில மரத்தூளு. பஸ் ஸ்டாண்டு பக்கம் மீனும் கிளியும் விக்கிற கடைக்குப் போயி விசாரிச்சோம். பூனைக்குப் போடுற மண்ணுன்னு ஒரு பாக்கெட்டைக் காட்டி அவன் சொன்ன வெலைக்கு எங்க ரெண்டு பேருக்கும் பத்து நாளைக்கு அரிசி வந்துரும். மண்ணுக்கு இம்புட்டு வெலையாப்பான்னு நான் கேட்டதுக்கு, இது இம்போர்ட்டட் சரக்கும்மாங்கிறான். மண்ணை எங்க இருந்துடா எறக்குறீங்கன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

தேங்கா நாருக் கழிவைப் போட்டுப் பாத்தது தனிக் கதை. இவரோட சிநேகிதரு மலைச்சாமி, அய்யலூர் சந்தையில ஆடு வாங்கி விக்கிறவரு, பக்கத்துத் தோப்புல சும்மா கெடக்குதுன்னு ஒரு மூட்டையைக் கொண்டாந்து எறக்கினாரு. அது ஈரத்தை இழுக்கத்தான் செய்யுது, இல்லன்னு சொல்லல. ஆனா முயலு காலெல்லாம் செம்மண்ணு கணக்கா ஒட்டிக்கிட்டு, அது குதிச்ச எடமெல்லாம் தடம். வீட்டுல வெள்ளையா இருந்த எதுவும் வெள்ளையா இல்ல. கடலைத் தொலி போட்டாரு. மாப்ள அதை உக்காந்து தின்னுட்டு, பக்கத்துல தரையில போயி ஒண்ணுக்கு இருந்துச்சு.

ஒவ்வொண்ணையும் போட்டு முடிச்சிட்டு இவரு பண்ற வேலை என்னன்னா, தட்டை எனக்கு முன்னாடி கொண்டாந்து வச்சு, "சைதூன், செத்த பாரு, நாறுதா?"ன்னு கேக்குறது. நாறுதுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாரு. உனக்கு மூக்கு ஜாஸ்தி, நேத்துத்தான போட்டேன், அதெல்லாம் இருக்காதுன்னு ஒரு மணி நேரம் வாதம் பண்ணுவாரு. வாசமே தெரியாத ஆளு வாசம் தெரிஞ்ச ஆளுகிட்ட நாறலன்னு சாதிக்கிற கொடுமையை நான் வேற எந்த வீட்டுலயும் பாத்ததில்ல.

கீழ் வீட்டு ஜக்கம்மாக்காதான் எங்களுக்கு வீட்டுக்காரம்மா. பத்தொம்பது வருஷமா அவங்க மாடியிலதான் குடியிருக்கோம். பெருநாளைக்கு நாங்க பிரியாணி குடுத்து விடுவோம், பொங்கலுக்கு அவங்க கரும்பு அனுப்புவாங்க, வாடகையை ஏத்துறதுக்கே கூச்சப்படுவாங்க. அவங்களுக்கு வீசிங் உண்டு, பைக்குள்ள எப்பவும் அந்த ஊதுற மருந்து இருக்கும். அவங்க படுக்குற ரூம்பு ஜன்னலுக்கு நேர் மேல எங்க பால்கனி. ரெண்டு தடவை என்னைய மட்டும் தனியாக் கூப்பிட்டு, பாய்க்குத் தெரிய வேணாம், கொஞ்சம் பாத்துக்க சைதூன்னு நயமாச் சொன்னாங்க. நான் வெக்கத்துல செத்தேன். மேல வந்து இவருகிட்ட எரிஞ்சு விழுந்தேன். வீடு போச்சுன்னா இந்த வாடகைக்கு நாகல்நகர்ல ஒரு மாட்டுக் கொட்டகைகூட கெடைக்காதுன்னு சொன்னேன். நான் ஒரு வழி பண்றேன்னாரு. மகளும் இதேதான் சொன்னா. இந்தக் குடும்பத்துல யாரு வழி பண்றேன்னு சொன்னாலும் நான் தொடைக்கிற துணியைத் தேடணும்.

இவரு பண்ணின வழி என்ன தெரியுமா? சுண்ணாம்பு. தோல் ஷாப்புல எந்த மூலையில நாத்தம்னாலும் ரெண்டு கை சுண்ணாம்பை வீசுவாங்களாம், அது எல்லாத்தையும் கொன்னுரும்னு நாப்பது வருஷமா நம்பிக்கிட்டு இருக்கிற மனுஷன். நான் என் தங்கச்சி வீட்டுக்கு வத்தலக்குண்டு போயிருந்த நேரமாப் பாத்து, மூணு நாளு மாத்தாத தட்டுல சுண்ணாம்புப் பொடியைப் பரப்பி வச்சிட்டாரு. தெருமுனையில ஆட்டோவை விட்டு எறங்குறேன், ஜக்கம்மாக்கா வாசல்ல சேரைப் போட்டு உக்காந்து மூச்சு வாங்குறாங்க, பக்கத்து வீட்டுப் புள்ள முதுகைத் தடவி விடுது. மாடிப்படி ஏற ஏற எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. மேல போனா, இவரு அந்த நாத்தத்துக்கு நடுவுல நிம்மதியா உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்காரு. என்னையப் பாத்து சந்தோஷமா, "பாத்தியா, சுண்ணாம்பு எப்படி வேலை செய்யுதுன்னு"ங்கிறாரு. யா அல்லா, அன்னைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டைத் தூக்கி அவரு தலையிலயே கவுத்தியிருக்கணும்.

கவுத்தல. ஏன்னா முயலு மூலையில ஒடுங்கி உக்காந்து காலை நக்கிக்கிட்டே இருந்துச்சு. தூக்கிப் பாத்தா பாதமெல்லாம் செவந்து தோலு உரிஞ்சு கெடக்கு. இவரு அதை வாங்கி மடியில வச்சுப் பாத்தாரு. மூஞ்சி செத்துப் போச்சு. "எனக்கும் மொதல்ல இப்படித்தான் ஆச்சு"ன்னு மட்டும் சொன்னாரு. தண்ணி ஊத்தி ஊத்திக் காலைக் கழுவி விட்டுட்டு, துண்டுல சுத்தி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்.

அங்க இருந்த டாக்டரு கீர்த்தனா, சின்னப் பொண்ணுதான், எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினா. சுண்ணாம்பு மூத்திரத்தோட சேந்தா நாத்தம் இன்னும் கெளம்பும், அடங்காதாம். தூளு பறக்குறது எதுவும் முயலு மூச்சுக்கு ஆகாதாம். பூனை மண்ணும் வேணாமாம், காலை நக்குறப்ப வயித்துக்குள்ள போயி கட்டியாகி அடைச்சுக்குமாம். அப்ப என்னத்தத்தாம்மா போடுறதுன்னு நான் கேட்டேன். ஈரத்தை இழுக்கணும், பறக்கக் கூடாது, மருந்து மாயம் எதுவும் சேந்திருக்கக் கூடாது, தின்னாலும் கெடுதல் பண்ணக் கூடாதுன்னு சொன்னா. எம்மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறப்பகூட நான் இத்தனை கண்டிஷன் போடல.

அன்னைக்கு சாயங்காலம் ஜக்கம்மாக்கா என்னையக் கூப்பிட்டாங்க. கோவப்படல, அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ஆடி முடியிற வரைக்கும் பாக்குறேன், அதுக்குள்ள முயலா வீடான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்கன்னு சொன்னாங்க. அவங்க முட்டி வலிக்கு மாடியேறி வந்து பாக்க முடியாது. மகளோட பழனிக்குப் போயி பத்து நாளு தங்கிட்டு வரப்போறதாவும் சொன்னாங்க. "வந்து உன்னையத்தான் கேப்பேன் சைதூன். நீ நாறலன்னு சொன்னா நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்."

அப்படியாக, வீட்டுக்காரம்மா என் மூக்கை நம்புறாங்க, வீட்டுக்காரரு என் மூக்கைத்தான் நம்பியாகணும், முயலு தலையெழுத்தும் என் மூக்குலயே தொங்குது. நான் யாருகிட்ட போயி அழுவுறது?

சுண்ணாம்புக்கு அப்புறம் இவரு வாதம் பண்றதை விட்டுட்டாரு. நாலு நாளு பேசாம பேப்பரை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருந்தாரு. சுவத்துப் பக்கம் திரும்புற பழக்கம் மறுபடியும் எட்டிப் பாத்துச்சு. அஞ்சாம் நாளு என் தம்பி மகன் நைனா முகமது கடைக்குப் பரோட்டா வாங்கப் போனவரு, பரோட்டா இல்லாம ஒரு சாக்கோட வந்தாரு. நைனா கடையில வெறகு அடுப்பை எடுத்துட்டு பெல்லட் அடுப்பு வச்சிருக்கான். மரத்தூளை மெஷின்ல வச்சு அமுக்கி, சுண்டுவிரல் தண்டியில துண்டு துண்டாப் பண்ணி விக்கிறாங்க, அதான் பெல்லட்டு. பாத்திரம் கழுவுற தண்ணி ஒரு மூட்டையில எறங்கி, அம்புட்டும் புட்டு மாவாட்டம் உதுந்து போச்சாம். அவன் திட்டிக்கிட்டே அதை வாரிக் கொட்டுறான், இவரு பக்கத்துல நின்னு, மூட்டைக்கு அடியில ஒரு சொட்டுத் தண்ணி இல்லையேன்னு பாத்திருக்காரு. தண்ணி பூராவும் அந்தத் துண்டுக்குள்ள போயிருச்சு. தோலை எம்புட்டு நேரம் ஊற வைக்கணும்னு கையால தொட்டே சொல்ற ஆளு, அதுல மட்டும் இவரைக் கொறை சொல்ல முடியாது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாரு. பசை, எண்ணெய் எதுவும் சேக்காத வெறும் மரம்னா போடலாம், மேல கொஞ்சம் வைக்கோலு பரப்புங்கன்னு சொல்லியிருக்கா. பெல்லட் விக்கிறவனுக்கே போன் பண்ணி, என்ன மரம், என்ன சேத்தேன்னு நோண்டி நோண்டிக் கேட்டதுல, அவன் அலுத்துப் போயி வச்சிட்டான். அடுப்பெரிக்கிறதுக்கு விக்கிறதுனால வெலையும் பூனை மண்ணுல பத்துல ஒரு பங்குதான். தட்டுல ஒரு விரக்கடைக்குப் பரப்பி, வைக்கோலை மேல போட்டு, முயலைத் தூக்கி எறக்கி விட்டாரு. புண்ணும் ஆறியிருந்துச்சு. எனக்கு நம்பிக்கையே இல்ல. பேப்பரு, தூளு, நாரு, தொலி, சுண்ணாம்பு, இப்ப வெறகு. அடுத்து வீட்டுச் செங்கலைப் பேத்துப் போடுவாருன்னு நெனச்சேன்.

மூணு நாளு நான் அந்தப் பக்கமே போகல. நாலாம் நாளு ஜக்கம்மாக்கா பழனியில இருந்து வந்துட்டாங்க. அன்னைக்குன்னு பாத்து, சாயங்காலம் அசருக்குத் தொழுகலாம்னு கைகாலைக் கழுவி ஒளுச் செஞ்சிட்டு வரேன், கொடியில இருந்து தரை வரைக்கும் தொங்கின என் துப்பட்டியோட ஓரத்தை அந்த முயலு ஒரு சாண் அகலத்துக்குக் கடிச்சுக் கொதறி வச்சிருக்கு. புதுசு, ஷாஹினா ஷார்ஜாவுல இருந்து குடுத்து விட்டது. கத்தலாம்னு வாயெடுக்குறேன், இவரு அதைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "துணிதான போச்சு, விடு"ங்கிறாரு. அந்த அணைப்பைப் பாத்ததும் எனக்கு எங்கயோ பத்திக்கிச்சு. நானும் முப்பத்தோரு வருஷமா இவரோட குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன், எம்பக்கமா ஒரு வாத்தை வந்ததில்ல.

அந்த நேரத்துலதான் தட்டைக் கொண்டாந்து வச்சாரு. "அக்கா வந்துட்டாங்க. பாரு சைதூன், நாறுதா?"

குனிஞ்சேன். நாறல. சத்தியமாச் சொல்றேன், நாலு நாளு தட்டு அது. தச்சாசாரி வேலை செய்யிற எடத்துல வருமே அந்த மரவாசம், அது மட்டும் லேசா வந்துச்சு. இன்னும் மூக்கைக் கிட்டக் கொண்டு போனேன், அப்பவும் ஒண்ணுமில்ல. ஒரு வருஷமாப் படாத பாடு பட்டு இந்த மனுஷன் ஒரு வழியாக் கண்டுபிடிச்சிட்டாரு. நிமிந்து அவரு மூஞ்சியைப் பாத்தேன்.

"நாறுது"ன்னு சொன்னேன்.

ஏன் சொன்னேன்னு கேட்டா, கோவம். வேற ஒண்ணுமில்ல. அவரு வழக்கம்போல வாதத்துக்கு வருவாரு, உனக்கு மூக்கு ஜாஸ்தின்னு கத்துவாரு, நானும் துப்பட்டிக்காக நாலு கத்து கத்திட்டு, அப்புறம் சரி சரி நாறலன்னு விட்டுரலாம்னுதான் நெனச்சேன். இவரு கத்தல. "அப்படியா"ன்னாரு. தட்டை எடுத்துட்டுப் போயி கழுவிக் கவுத்தி வச்சாரு. சட்டையை மாட்டினாரு. தக்காளி வாங்குற பிளாஸ்டிக் கூடையில துண்டை விரிச்சு, முயலை அதுக்குள்ள எறக்கி, மேல சல்லடையை வச்சுக் கட்டினாரு. நாளைக்கு வியாழக்கிழமை, மலைச்சாமி விடியவே சந்தைக்குப் போயிருவாரு, இப்பவே பஸ்ஸு ஏறி அவரு வீட்டுல குடுத்துட்டு வாரேன்னாரு. மலைச்சாமி வீட்டுக்குப் போனா அது எத்தனை நாளைக்கு முயலா இருக்கும்னு எனக்குத் தெரியும். தோல் வேலை செஞ்ச மனுஷன், அவருக்கு என்னைய விட நல்லாவே தெரியும்.

நான் அடுப்படியிலயே நின்னேன். செருப்புச் சத்தம் படியில எறங்குது. சொல்லிரு சொல்லிருன்னு மனசு அடிச்சுக்குது, கை பாட்டுக்கு அடுப்பைத் தொடைக்குது. கீழ ஜக்கம்மாக்கா மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க போல, என்ன பாய், முயலைத் தூக்கிக்கிட்டு எங்கன்னு கேட்டாங்க.

"நாறுதாம்க்கா. சைதூன் சொல்லிட்டா."

அம்புட்டுத்தான் சொன்னாரு. அதுல கோவமோ சந்தேகமோ ஒண்ணும் இல்ல. சைதூன் சொன்னா முடிஞ்சு போச்சுங்கிற மாதிரி ஒரு பேச்சு. தலையில துணியைக்கூட சரியாப் போடாம படியில எறங்கினேன். பாதிப் படியிலயே சொல்லிட்டேன், நாறல, நான் பொய் சொன்னேன்னு. அக்காவைப் பாத்தும் சொன்னேன், நாலு நாளு தட்டுக்கா, ஒரு துளி நாத்தம் இல்ல, துப்பட்டியைக் கடிச்சிருச்சுன்னு கோவத்துல சொல்லிட்டேன்னு. அக்கா என் மூஞ்சியையும் பாத்தாங்க, பாய் மூஞ்சியையும் பாத்தாங்க. உன் வாத்தை போதும் சைதூன், முயலு இருக்கட்டும்னு சொல்லிட்டு, மொச்சைத் தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

இவரு கூடையைக் கீழ வச்சிட்டு, கடைசிப் படியில உக்காந்தாரு. திட்டுவாருன்னு காத்துக்கிட்டு நிக்கிறேன். திட்டினா நல்லாருந்திருக்கும். தரையைப் பாத்துக்கிட்டே கேட்டாரு.

"ஷாப்புக்குப் போன காலத்துல பஸ்ஸுல எம்பக்கத்துல எவனும் உக்கார மாட்டான். கல்யாண வீட்டுல எனக்குத் தனியா எல போடுவாங்க. வேலை விட்டு வந்து குளிச்சிட்டு, தெனம் உங்கிட்ட கேப்பேன், எம்மேல நாறுதா சைதூன்னு. இல்லன்னு சொல்லுவ. அதை நம்பித்தான் நாளைக்கும் நாலு பேரு முன்னாடி போயி நிப்பேன். அதுவும் இந்த மாதிரித்தானா?"

மறுபடியும் ஒரு பொய் சொல்லிரலாம்னு வாயி வரைக்கும் வந்துச்சு. ஆனா இன்னைக்குச் சொன்ன ஒண்ணே போதும்னு இருந்துச்சு.

"ஆமா. நாறுச்சு. ஒரு நாளு விடாம நாறுச்சு."

"அப்புறம் எப்படி பக்கத்துல படுத்த?"

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. கண்ணுல தண்ணியும் வந்துருச்சு. கேக்குற கேள்வியைப் பாரு.

"வேற எங்க போயி படுக்கச் சொல்றீங்க?"ன்னேன்.

அவரு கையை நீட்டினாரு, முட்டி வலியில தனியா எந்திரிக்க முடியல. இழுத்து நிறுத்தினேன். நிமிந்தவரு இன்னொரு கையில கூடையைத் தூக்கினாரு, என் கையை விடல. படி குறுகலு, ரெண்டு பேரு சேந்து ஏற முடியாது, அப்படியும் விடல.